கலங்கலும் தேறலும்

குடிப்பவனுக்குக் கட்டளையிடும் பானத்தை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. கேனின் மேல்விளிம்பைச் சுற்றி 'கேனிலிருந்தே குடி' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. தம்ளரில் ஊற்றினால் நல்ல வாசனை வரத்தான் செய்யும். ஆனால் அப்படி வெளியேறிப் போகிற வாசனையைப் பிடித்து உள்ளே வைக்கத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம். ஊற்றியே தீருவேன் என்பவர்கள் அடியில் தங்கியிருப்பதைக் கேனிலேயே விட்டுவிடவும். சாரம் இவ்வளவுதான். பீரின் பெயர் ஹெடி டாப்பர். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் தி ஆல்கெமிஸ்ட் என்ற சிறிய ப்ரூவரி தயாரிப்பது. 473 மில்லி லிட்டர் கேன், ஆல்கஹால் 8 சதவீதம். வடிகட்டாதது.

சிருஷ்டிகர்த்தா தன் சிருஷ்டியின் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வருகிறவனுக்கு எப்படி நுழைய வேண்டும் என்று சொல்லித் தருவது நமக்குப் பழக்கமான சமாச்சாரம்தான். நம் கவிதைத் தொகுப்புகளின் முன்னுரைகளில் பாதி இந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன. படைப்பாளியின் உத்தேசம் நமக்குக் கிடைக்கக் கூடியதுமில்லை, கிடைத்தாலும் அதை வைத்துப் படைப்பை மதிப்பிடுவது விரும்பத்தக்கதுமில்லை என்று விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946ல் வாதிட்டார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட இந்த வாதம் வெகு நாட்களாக என்னிடம் வேலையின்றிக் கிடந்தது. ஒரு பீர் கேனுக்கு முன்னால் அதற்கு வேலை வந்தது.

சென்ற அக்டோபரில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்டி, வெர்மாண்டில் ஸ்டோ என்ற மலையூருக்கு அழைத்துப் போனார். ஆல்கெமிஸ்ட் 2016ல் திறந்த ப்ரூவரி அங்கே இருக்கிறது. நான்கு கேன்கள் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம். என் பையில் நண்பர் ஒருவரின் பதினொரு கவிதைகள் இருந்தன. இந்தப் பத்திரிகைக்காக என்னிடம் கொடுத்தவை. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் விதித்திருந்தார். 'புரியவில்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் நான் எழுதி அனுப்பக் கூடாது. வேறு எது வேண்டுமானாலும் சொல்லலாம். ஏழு வாரங்களாக அவை என்னுடனேயே சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சொல்லை விலக்கிவிட்டால் கையில் வேறு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் பிரச்னை.

"மாப்ளே, தம்ளர்ல ஊத்தாத. செஞ்சவனே வேண்டாம்னு போட்டிருக்கான் பாரு" என்றார் அத்தான்.

"பாதிய இப்படியே குடிக்கிறேன் அத்தான். மீதிய ஊத்திப் பாக்கணும்."

"பாக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? குடிக்கிறதுதான?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வியாகத் தோன்றவில்லை. பீரின் சரித்திரத்தில் கடந்த நூற்றெண்பது வருஷங்களைப் பார்ப்பதற்கும் குடிப்பதற்கும் இடையிலான தகராறு என்றே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கேன். கேனில் குடிக்கும்போது மூக்குக்கு வெளியே வேலை கிடையாது. வாசனை எல்லாம் தொண்டை வழியாகத்தான், விழுங்கியபின் மூக்குக்கு ஏறுகிறது. முதல் மடக்கில் இனிப்பு என்று நாக்கு எடுத்துக்கொள்கிறது. அடுத்த கணமே அது இனிப்பில்லை என்று தெரிகிறது. பழ வாசனை வந்தால் இனிப்பும் கூடவே வரும் என்ற பழக்கத்தில் நாக்கு தானாகச் சேர்த்துக்கொண்ட இனிப்பு அது. பிறகு கசப்பு. அது எதிர்பார்த்த இடத்தில் வருவதில்லை. பாகற்காய் நாக்கின் மேல் உட்காருகிற மாதிரி உட்காராமல், விழுங்கி முடித்தபின் அடி நாக்கிலிருந்து எழுந்து வருகிறது. பானத்துக்குக் கொஞ்சம் கனம் உண்டு. மெல்லிய எண்ணெய்ப் பசை வாயோரத்தில் நிற்கிறது. எட்டு சதவீத ஆல்கஹால் எங்கே என்று தேடினால் அகப்படவில்லை. கால் மணி நேரம் கழித்துக் காது மடல்களில் சூடாக வந்து சேர்ந்தது.

நம் ஊரிலும் எட்டு சதவீதம் வரை உள்ள பீர் உண்டு. அதன் மேல் 'ஸ்ட்ராங்' என்று அச்சிட்டிருக்கும். டாஸ்மாக் கடையில் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்குகிறவனுக்கு அது ருசியைப் பற்றிய தகவல் இல்லை. கொடுக்கிற காசுக்குக் கிடைக்கப் போகிற பலனைப் பற்றிய தகவல். அங்கே பலம் பானத்தின் பிரயோஜனம். இங்கே வேறு விதமாக இருக்கிறது. இவ்வளவு ஹாப்பைத் தாங்குவதற்கு இவ்வளவு தானியம் வேண்டும். இவ்வளவு தானியம் புளித்தால் இவ்வளவு ஆல்கஹால் வரும். ஒன்றைத் தாங்க இன்னொன்று தேவைப்பட்டதன் விளைவாகப் பலம் வந்து சேருகிறது. இந்த 'விளைவாக' என்ற சொல்லை நான் பின்னால் திரும்ப உபயோகிக்கப் போகிறேன்.

மீதியைத் தம்ளரில் ஊற்றினேன். கௌண்டரில் உட்கார்ந்து ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊடே பார்ப்பது என் ஜீவனம். அதே பழக்கத்தில் தம்ளரை ஜன்னலுக்கு எதிரே தூக்கினேன். மங்கிய மஞ்சள், பழுத்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொஞ்சம் கழுநீர் கலந்த மாதிரி. ஜன்னலின் மரச்சட்டம் தெரிந்தது. சட்டத்துக்கு அப்பால் நின்ற மேப்பிள் மரம் தெரியவில்லை. ஆனால் தம்ளர் இருட்டாக இல்லை. ஜன்னல் வெளிச்சம் முழுக்க அதற்குள் புகுந்து, நேராக வெளியே வராமல் உள்ளேயே திரிந்துகொண்டிருந்தது. தன்னிடமே ஒரு விளக்கு இருப்பது போல் தம்ளர் ஒளிர்ந்தது.

மூக்கைக் கொண்டு போனால், கேனின் மேல் எழுதியிருந்தது உண்மை. வாசனை வெளியே வந்து விரயமாகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த விரயம் வேண்டியிருந்தது. இந்த பீரைப் போன்றவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் மாம்பழம், அன்னாசி, பாஷன் ஃப்ரூட், ஆரஞ்சுத் தோல், பைன் மரம் என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். பட்டியல் போடுவது இந்தத் துறையில் சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. டென்மார்க்காரரான மார்ட்டன் மைல்கார்ட் 1970களில் பீரின் ருசிகளையும் வாசனைகளையும் ஒரு சக்கரமாக வரைந்து, ஒவ்வொரு ஆரத்துக்கும் ஒரு சொல் கொடுத்தார். ருசி பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வஸ்துவுக்கு ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். ஆலைகளுக்கு அது தேவைதான். நம் விமர்சனத்திலும் படிமம், குறியீடு, அங்கதம், தொன்மம் என்று இப்படி ஒரு சக்கரம் சுற்றுகிறது. கவிதை கிடைத்ததும் சக்கரத்தில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு மோந்து பார்த்தேன். எனக்கு வந்தது கொய்யா. உவமை சொல்வதாக நினைக்க வேண்டாம். கொய்யாவின் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களில் ஒன்றான 3-மெர்காப்டோஹெக்ஸனால் சில ஹாப் வகைகளிலும் இருக்கிறது. ஹாப்பின் எண்ணெயில் ஏராளமாக உள்ள மிர்ஸீன் மாம்பழத்திலும் உண்டு. ஆகவே 'மாம்பழம் போல' என்று எழுதும்போது அந்தப் 'போல' பாதி அனாவசியமானது. ஆனால் எனக்கு வந்தது மாம்பழம் இல்லை. மாங்காயைக் காம்போடு கிள்ளும்போது பீச்சுமே, தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் அந்தப் பால், அதன் நெடி. பழத்துக்கு முந்திய, மரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வாசனை. ருசியின் முடிவுக்கும் என்னிடம் ஒரு சொல் இருந்தது. கசப்பு அடங்கியபின் நாக்கின் இரு பக்கமும் லேசாக இழுத்துப் பிடிக்கிறது. ஹாப்பின் பாலிஃபீனால்கள் செய்கிற வேலை அது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் சொல் ரசாயனக்காரர்களுடையதாகவும் ஒயின்காரர்களுடையதாகவும் இருக்கிறது. நமக்கு அது அறுசுவையில் ஒன்று; துவர்ப்பு என்றால் வாழைப்பூ நறுக்குகிற எந்தப் பாட்டிக்கும் தெரியும். பழுத்த கொய்யாவில் ஆரம்பித்துக் கொய்யாப் பிஞ்சில் முடிகிறது இந்த பீர். ஒரே மரத்துக்குள் பின்னோக்கி நடக்கிற மாதிரி.

சரியான சொல் கிடைத்துவிட்டதாலேயே மதிப்பீடு வந்துவிடாது. இது நல்ல பீரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நல்லது என்றுதான் சொல்வேன். காரணம் சொல்ல வேண்டுமானால் அந்தக் கலங்கல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஹாப் என்பது ஒரு கொடியின் பச்சைப் பூங்கொத்து. அதைக் கொதிக்கும் தானியச் சாற்றில் போட்டுக் காய்ச்சினால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகிப் போகும். காய்ச்சி இறக்கிய பின்னும், புளித்து ஆறிய பின்னும் போட்டால் கசப்பு அவ்வளவாக இறங்காது, வாசனை தங்கும். ரசம் கொதிக்கும்போதே கொத்தமல்லியைப் போடுவதற்கும், இறக்கிவைத்துக் கிள்ளிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இந்த வகை பீரில் ஹாப்பின் பெரும்பகுதி பின்னால்தான் சேருகிறது. தானியத்தின் புரதமும் ஹாப்பின் பாலிஃபீனாலும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு மிக நுண்ணிய துகள்களாகி, அடியில் படியாமல் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. ஓட்ஸும் கோதுமையும் சேர்த்தால் புரதம் அதிகமாகும். சுலபத்தில் அடியில் இறங்காத ஈஸ்டாக இருந்தால் அதுவும் கூடும். வடிகட்டினால் இவை எல்லாம் போய்விடும். கூடவே வாசனையிலும் ஒரு பங்கு போய்விடும். ஆல்கெமிஸ்டின் ஜான் கிம்மிச், வெர்மாண்டில் பர்லிங்டன் நகரில் க்ரெக் நூனன் 1988ல் திறந்த பப்பில் வேலை பார்த்தவர். நூனனிடமிருந்து வந்த ஈஸ்டைக் கொண்டுதான் ஹெடி டாப்பரைச் செய்தார். வாட்டர்பரி என்ற சிற்றூரில் அவரும் மனைவி ஜென்னும் 2003ல் திறந்த பப்பை 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலின் வெள்ளம் அழித்தது. அதே ஊரில் தயாராகியிருந்த புதிய இடத்தில் சில நாட்களுக்குள் முதல் கேன்கள் வெளிவந்தன. அவர் கலங்கலைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. வாசனையை இழக்க மறுத்தார். கலங்கல் அதன் விளைவாக வந்தது.

இதில் துணிச்சல் என்ன என்று கேட்கலாம். பவேரியாவின் கோதுமை பீர் வெகு காலமாகவே கலங்கல்தான். ஆனால் அது ஓர் ஊரின் பழக்கம். மற்ற இடங்களில் எல்லாம் பீர் என்றால் தெளிவு. பொஹீமியாவில் பில்சன் நகரில் 1842ல் ஜோசப் க்ரோல் பொன்னிறத்தில் தெளிந்த ஒரு பீரைச் செய்தார். இன்று உலகம் முழுக்க பீர் என்று விற்பதில் பெரும்பகுதி அதன் வாரிசு. அன்றிலிருந்து தம்ளரைத் தூக்கிப் பார்ப்பதே முதல் பரீட்சையாயிற்று. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போட்டுத் தெளியவைப்பார்கள், கடற்பாசி போடுவார்கள், வடிகட்டுவார்கள். இந்தியா பேல் ஏல் என்ற பெயரில் நம் தேசத்தை ஒட்டவைத்துக்கொண்டிருக்கும் வகைக்கும் இதே விதிதான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னப்பட்டணத்துக்கும் பம்பாய்க்கும் வந்து இறங்கிய வெளிர் பீர், கம்பெனி உத்தியோகஸ்தர்கள் குடிப்பதற்காக வந்தது. பெயரில் இருக்கும் இந்தியா அது போய்ச் சேர்ந்த விலாசம் மட்டுமே. ஹெடி டாப்பர் அந்த வம்சத்தில் இரட்டிப்புப் பலம் என்று சொல்லப்படும் கிளை. தெளிவே குலதர்மமாக இருந்த குடும்பத்தில் கலங்கிப் பிறந்த பிள்ளை.

தெளியவைக்கும் வித்தை நமக்கும் தெரியும். கலங்கிய கிணற்றுத் தண்ணீரைப் பானையில் ஊற்றுமுன் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பார்கள். சேறு அடியில் இறங்கிவிடும். அந்தக் கொட்டையின் பெயரிலேயே 'தேறு' இருக்கிறது. இந்த ஒரு வினைச்சொல் தமிழில் பார்க்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். தண்ணீர் தேறும். நோயாளி தேறுவான். பரீட்சையில் பையன் தேறுவான். துக்கத்தில் இருப்பவளுக்குத் தேறுதல் சொல்வோம். எதிர்ப்பக்கத்தில் 'கலங்கு'. குட்டை கலங்கும், கண் கலங்கும், வயிறு கலங்கும், மனம் கலங்கும், சித்தம் கலங்கிவிட்டால் மனிதன் போச்சு. தெளிவு நல்லது, கலங்கல் கெட்டது என்று யாரும் நமக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பேச ஆரம்பித்தபோதே அந்தத் தீர்ப்பும் வாய்க்குள் வந்துவிட்டது. 'புரியவில்லை' என்று ஒரு கவிதையைத் திருப்பி அனுப்பும்போது நாம் சொல்வது அபிப்பிராயம் என்றுகூடத் தோன்றவில்லை. அது மொழியின் பழைய பாரபட்சம்.

ஆனால் இதே மொழியிடம் வேறொரு சாட்சியும் இருக்கிறது. கள்ளில் தெளிந்ததற்குத் தேறல் என்றும் தெளியாததற்குக் கலங்கல் என்றும் பெயர். புறநானூற்றில் ஆவியாரின் 298ஆம் பாட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அன்றைக்கு அரசன் எங்களுக்குக் கலங்கலைக் கொடுத்துவிட்டுத் தான் தேறலைக் குடித்தான். இன்றைக்குப் பகைவன் மதிலருகே வந்தபின் 'நீ முந்திப் போ' என்று எங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று வீரன் ஒருவன் பேசுகிற பாட்டு. மட்டமானதை நமக்குத் தள்ளிவிட்டான் என்ற குறையா? மயக்கம் அதிகம் தருவது கலங்கல் என்று கொண்டால், உயர்ந்ததை நமக்குக் கொடுத்தான் என்ற பெருமையல்லவா? வாசிக்கிறவனின் கையில் இருக்கிறது. கலங்கல் உசத்தியாக இருக்க முடியும் என்பதற்கு இடம் வைத்திருக்கிறது என்பதே எனக்குப் போதும். தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளை 1987ல் மூடினார்கள். தேறல், கலங்கல் இரண்டையும் குடித்துப் பார்த்துப் பேதம் சொல்ல வேண்டுமென்றால் என் வயதுக்காரன் பாலக்காட்டுக்கு பஸ் ஏற வேண்டும். சொல் நம்மிடம் தங்கிவிட்டது, பொருள் போய்விட்டது. வெர்மாண்ட்காரர்களுக்குப் பொருள் முதலில் வந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று பல வருஷம் தடுமாறினார்கள்.

தம்ளரை வெளிச்சத்தில் பிடித்திருந்தபோது இன்னொன்று பட்டது. நம் விமர்சனத்தில் புரியாத கவிதைக்கு இருண்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். தெளிவு ஒரு முனை, இருண்மை மறு முனை, நடுவில் ஒரு கோடு. எந்தக் கவிதையையும் அந்தக் கோட்டில் எங்காவது நிறுத்திவிடலாம் என்பது நம் ஏற்பாடு. பீர் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்க மறுக்கிறது. ஸ்டவுட் என்ற பீர் கறுப்பு. வறுத்த தானியத்தின் நிறம் அது. ஆனால் விளிம்பில் வெளிச்சம் படும்படி சாய்த்துப் பார்த்தால் மாணிக்கச் சிவப்பாக, சுத்தமாக ஊடுருவித் தெரியும். அது இருண்டது, கலங்கியதில்லை. என் கையில் இருந்தது கலங்கியது, இருண்டதில்லை. இருட்டு வெளிச்சத்தை விழுங்குகிறது. கலங்கல் வெளிச்சத்தை வாங்கி நாலா பக்கமும் சிதறடிக்கிறது. முதலாவதில் விளக்கை இன்னும் பக்கத்தில் கொண்டு போனால் தெரிந்துவிடும்; அகராதி, அடிக்குறிப்பு, புராணக் கதை, ஏதாவது ஒரு விளக்கு. இரண்டாவதில் விளக்கைப் பக்கத்தில் கொண்டு போகப் போகக் கலங்கல்தான் பிரகாசமாகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு வருஷம் சண்டை போட்டிருக்கிறோம்.

கலங்கலுக்கு வக்காலத்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு சம்மதமில்லை. அதற்குப் பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெர்மாண்ட்டிலும் மாஸசூஸெட்ஸிலும் இந்த பீர்களுக்காக ஜனங்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். வரிசையைப் பார்த்தவர்கள் அதற்குக் காரணம் கலங்கல் என்று எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. வாசனையைக் காப்பாற்றப் போய்க் கலங்கல் வந்தது என்ற வரிசை தலைகீழாகி, முதலில் கலங்கல், பிறகு வாசனை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. சிலர் கலங்கலுக்காகவே மாவைக் கரைத்து ஊற்றினார்கள். அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் 2018ல் இந்த பீர்களைத் தனி வகைகளாகத் தன் வழிகாட்டு நெறிகளில் சேர்த்தது. அன்றிலிருந்து போட்டியும் பதக்கமும் உண்டு. புதுக்கவிதைக்குப் பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தபின் என்ன ஆயிற்று என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாவு போட்டதா இல்லையா என்று வெறும் கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது? பாஸ்டனுக்குத் திரும்பிய மறுநாள், அத்தானின் கார் ஷெட்டில் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு கேன் அகப்பட்டது. வேறு ஏதோ ஊரில் செய்தது, இதே வகை. அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தால் பதினான்கு மாதப் பழையது. ஒரு கோடை முழுக்க அந்த ஷெட்டின் உஷ்ணத்தில் இருந்திருக்கிறது. இந்த வகை பீர் சில வாரங்களில் குடிக்க வேண்டியது, அதுவரை குளிரில் இருக்க வேண்டியது. ஹெடி டாப்பர் கேன் உடனே குடித்துவிடச் சொல்கிறது, நாங்கள் மேலும் செய்துகொண்டேதான் இருக்கிறோம் என்கிறது. அத்தான் கொட்டிவிடலாம் என்றார். நான் தம்ளர் கேட்டேன். "இதையுமா?" என்று அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்த பீரில் கலங்கல் அப்படியே இருந்தது. ஸ்டோவில் நான் ஊற்றியதைவிட அடர்த்தி அதிகம். ஜன்னல் சட்டம்கூடத் தெரியவில்லை. நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து இறங்கிப் பழுப்பேறியிருந்தது. வாசனை இல்லை. கொய்யாவும் இல்லை, மாங்காய்ப் பாலும் இல்லை. மழையில் நனைந்த அட்டைப் பெட்டியின் நெடி, அதன் மேல் தேனை ஒத்த ஓர் அசட்டுத் தித்திப்பு. பிராணவாயு பட்டு ஹாப்பின் எண்ணெய்கள் செத்துவிட்டன. அவற்றை இழக்கக் கூடாது என்பதற்காக எந்தக் கலங்கலைச் சகித்துக்கொண்டார்களோ அந்தக் கலங்கல் மட்டும் பத்திரமாக இருந்தது. இது குறை சொல்லத்தக்க பீர் என்று நான் சொல்ல வரவில்லை. ஷெட்டில் போட்டது நாங்கள்தான்; புதிதில் குடித்திருந்தால் நன்றாகவே இருந்திருக்கலாம். எனக்கு அது வேறு ஒன்றுக்குச் சாட்சியாயிற்று. கலங்கலுக்கு ஆயுள் அதிகம். எதன் விளைவாக வந்ததோ அது போன பின்னும் அது இருக்கும். கண் அதை மட்டுமே பார்க்கும். பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லும்.

நாற்பது ஐம்பது வருஷமாகத் தமிழில் எழுதப்பட்டு வரும் கவிதையில் ஒரு பகுதியைப் பற்றி எனக்குத் தோன்றி வந்ததை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் ஒருவன் தன் அனுபவத்தில் எதையோ இழக்க மறுத்தான். வடிகட்டிச் சொன்னால் அது போய்விடும் என்று அறிந்து, வடிகட்டாமல் சொன்னான். வாசகன் ஊடுருவிப் பார்க்க முடியாததற்கு அவன் கொடுத்த விலை நியாயமானது. அவனுக்குப் பின்னால் வந்தவன் அந்த விலையையே சரக்கு என்று நினைத்துக்கொண்டான்.

ஆகவே கேட்க வேண்டியது புரிகிறதா என்றில்லை. இந்தக் கலங்கலை எடுத்துவிட்டால் கூடவே என்ன போகும்? ஏதாவது போகுமென்றால் கலங்கல் இருந்துவிட்டுப் போகட்டும், நான் வக்காலத்து வாங்குகிறேன். ஒன்றும் போகாது என்றால் அது மாவு. இதைக் கண்டுபிடிக்க முன்னுரை உதவாது, கேனின் மேல் எழுதியிருப்பதும் உதவாது. ஜான் கிம்மிச் சொன்னதை மீறித் தம்ளரில் ஊற்றியதால்தான் அவர் செய்தது எனக்கு முழுக்கத் தெரிந்தது. அவர் சொன்ன காரணம் சரியானதுதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. படைத்தவன் சொல்வது உண்மையாக இருப்பதற்கும் வாசகன் அதை மீற வேண்டியிருப்பதற்கும் முரண் ஒன்றுமில்லை.

விமானத்தில் பதினொரு கவிதைகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் எனக்குப் பிடிபடாத வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தை வாசித்தேன். நான்கு கவிதைகள் உடனே படுத்துவிட்டன. மூன்றாவது கவிதையில் அடித்த ஒரே ஒரு வரியோடு அந்தக் கவிதையில் இருந்த வீடும், வீட்டில் இறந்துபோன மனிதரும், அவர் இருந்ததற்கான வாசனையும் போய்விட்டன. அழிரப்பரால் கோட்டை அழித்தேன். வரி இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. அது அங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. மற்ற ஏழும் பிடிபடாத வரிகள் போனபின் முன்னைவிடச் சௌக்கியமாக எழுந்து உட்கார்ந்தன. சில வெறும் நாட்குறிப்பாக, சில ஒரு நல்ல வாக்கியமாக.

நான்கையும் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். ஏழையும் நண்பருக்குத் திருப்பியிருக்கிறேன். கூடவே நாலு பக்கக் கடிதம். அதில் அவர் தடை விதித்த சொல்லை உபயோகிக்கவில்லை. பீர் குடித்துவிட்டுக் கவிதை திருத்துகிறான் என்று அவர் நம் வட்டத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நாலாவது பக்கம் வரை படித்தாரா என்று யாராவது விசாரித்துச் சொன்னால் தேவலை.